வெண்ணிலாவை யாரும் அடிக்கவில்லை

பெயர் செல்வநாயகி. வயது முப்பத்தாறு. தகப்பனார் ராஜமாணிக்கம், காலமாகிவிட்டார். சொந்த ஊர் விருத்தாசலம், வீடு செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கத் தெருவில். தற்போது சென்னையில் அறை எடுத்துத் தங்கி, ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ரத்தம் பற்றிய பிரிவில் வேலை பார்க்கிறேன். திருமணம் ஆகவில்லை. அதை எழுதித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டேன். கேட்பது வழக்கம் என்றார்கள். எழுதிக்கொள்ளட்டும்.

குழந்தை வெண்ணிலாவுக்கு நான் என்ன உறவு என்று ஸ்டேஷன் ரைட்டர் கேட்டார். வெண்ணிலாவுக்கு வயது ஆறு. அவள் என் தம்பி பழமலைநாதனின் மகள், எனவே நான் அவளுக்கு அத்தை. அவளைப் பெற்ற பிரபா என் அக்காள் கொளஞ்சியம்மாளின் மூத்த மகள், எனவே நான் பிரபாவுக்குச் சித்தி, வெண்ணிலாவுக்குச் சின்னப் பாட்டியும் ஆகிறேன். என் தம்பி சொந்த அக்காள் மகளைக் கட்டியிருக்கிறான். "ஏதாச்சும் ஒண்ணு சொல்லும்மா" என்றார் ரைட்டர். இரண்டும் உண்மை, இந்த வழக்கே அதற்குள்தான் இருக்கிறது என்றேன். அவர் அத்தை என்று மட்டும் எழுதினார்.

நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னதால் வரிசையாகச் சொல்கிறேன். ஆனால் வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. அதையும் இப்போதே எழுதிக்கொண்டு, கொஞ்சம் வேகமாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் தம்பி பழமலைநாதன் தொழிற்பேட்டையில் பொம்மை செய்யும் ஒரு கம்பெனியில் அச்சு வார்க்கும் வேலை செய்கிறான். கரைத்த வெள்ளைக் களிமண்ணை, பேட்டையில் அதைக் களி என்பார்கள், அச்சில் ஊற்றுவதும், காய்ந்த பிறகு பிசிறைக் கத்தியால் சீவுவதும் அவன் வேலை. அந்தப் பேட்டையில் யாருக்குக் கத்தி பட்டாலும் மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை சைனா கிளே பவுடரை அள்ளிக் காயத்தில் வைத்து அழுத்திக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான் செய்தார். அங்கே அது மருந்து. வெளியே இருந்து வருகிறவர்களுக்குத்தான் அது மண்.

சென்ற வியாழக்கிழமை மாலை வெண்ணிலா முறுக்கு கடித்தபோது ஆடிக்கொண்டிருந்த கீழ்ப்பல் விழுந்தது. முதல் பல் என்பதால் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அதன் பிறகு ரத்தம் நிற்கவில்லை. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தும் நிற்காததால், வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த என் தம்பி ஓடிப்போய்க் களிப் பவுடர் கொண்டுவந்து, வேட்டித் துணியில் பொதிந்து, ஈறில் வைத்து, மகளை மடியில் போட்டுத் தாடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். நிற்பதுபோல் நின்று மறுபடி கசிந்தது. விடிந்ததும் அவனும் பிரபாவும் என் அக்காளுமாகக் குழந்தையை ஊரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். அப்போது நான் அங்கு இல்லை. இதுவரை சொன்னதும், சனிக்கிழமை வரை நடந்ததாக இனிச் சொல்வதும் பிரபா எனக்குச் சொன்னது.

மருத்துவமனையில் வாயைத் திறந்து பார்த்தவர்கள் ரத்தத்தோடு குழைந்த வெள்ளைக் களியைப் பார்த்தார்கள். அதன் பிறகு சட்டையைக் கழற்றியபோது தோள், இடுப்பு, முழங்கால், தொடை என்று பச்சையும் ஊதாவுமாகக் கன்றிப்போன தழும்புகளைப் பார்த்தார்கள். குழந்தையின் வாயில் களியை அடைத்தது யார் என்று டாக்டர் அம்மா கேட்டபோது என் தம்பி "நான்தான்" என்று சொல்லியிருக்கிறான். அவனுக்குப் பேச வராது. கேட்ட அளவுக்குப் பதில் சொல்வான், அதற்கு மேல் ஒரு சொல் வராது. எதற்கு வைத்தான் என்று அவனாகச் சொல்லவில்லை, அவரும் அதைக் கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருந்தது. வீட்டில் வேறு யாருக்காவது ரத்தம் நிற்காமல் போனதுண்டா, சொந்தத்தில் கட்டியிருக்கிறீர்களா என்றும் டாக்டர் அம்மா கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பிரபா வாயைத் திறப்பதற்குள் என் அக்காள் முந்திக்கொண்டு, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, மாப்பிள்ளை கொஞ்சம் கோபக்காரர் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு டாக்டர் அம்மா சட்டப்படி இந்தக் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை பகல் என் தம்பியை இங்கே அழைத்துவந்தார்கள். முதலில் அடிக்கவில்லை என்றான். மாலையில் அக்காள் சோறு கொண்டுவந்து அவனோடு தனியாகப் பேசிவிட்டுப் போனார். சனிக்கிழமை காலை, மகளை அடித்தது உண்மை என்று அவனாகவே சொல்லி எழுத வைத்துக் கையெழுத்தும் போட்டான்.

சனிக்கிழமை நான் வேலையில் இருந்தபோது பிரபா போன் செய்தாள். "சித்தி, மாமா ஒத்துக்கிட்டாரு சித்தி. அவரு அடிக்கல. அடிச்சேன்னு எழுதிக் குடுத்துட்டாரு" என்றாள். தழும்பு எங்கெங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். போட்டது போட்டபடி கிளம்பினேன். ரயிலில் உட்கார இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. செங்கல்பட்டிலிருந்து வாசலிலேயே நின்றுகொண்டு வந்ததற்கு டிக்கெட் பரிசோதகர் இரண்டு முறை திட்டினார். அது வழக்குக்குத் தேவையில்லை என்று ரைட்டர் சொல்கிறார். தேவையில்லைதான்.

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து நேராக மருத்துவமனைக்குப் போனேன். வெண்ணிலா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காவலுக்கு ஒரு பெண் போலீஸ் இருந்தார். நான் குழந்தையின் சட்டையை விலக்கிப் பார்த்தேன். தோளில் இருந்த தழும்பு ஸ்கூல் பையின் வார் அகலத்துக்கு இருந்தது. இடுப்பைச் சுற்றி இருந்தது அரைஞாண் கயிறு இறுக்கும் இடத்தில் இருந்தது. தாடையில் இருந்த நான்கு விரல் தடம், பல் விழுந்த அன்று அவள் அப்பா களியை வைத்துப் பிடித்திருந்த இடம். முழங்காலுக்குக் கீழே ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அடித்தால் அப்படிப் புள்ளி வராது. "அப்பா எப்ப வரும் அத்தை?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள், அடுத்த கீழ்ப்பல்லும் ஆடுகிறது பார் என்று நாக்கால் தள்ளிக் காட்டினாள். ஆட்டாதடி கண்ணு, அத்தை சொல்கிற வரைக்கும் ஆட்டாதே என்று கெஞ்சினேன். அவளுக்கோ அதில் அவ்வளவு பெருமை. இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் அவள் அதை ஆட்டிக்கொண்டிருப்பாள்.

அதன் பிறகு நான் டாக்டர் அம்மாவைப் பார்த்து, இது அடியாக இல்லாமல் பிளேட்லெட் குறைபாடாக இருக்கலாம் என்றேன். எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்றார். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும், அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றனவா என்பதுதான் கேள்வி என்றேன். நான் யார், என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். எலி ரத்தத்தில் ஆராய்ச்சி என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். இங்கே உதவி ஆய்வாளர் பாலகிருஷ்ணன் அவர்களிடம் சொன்னபோதும் அதே முகம்தான். எலிக்கும் இந்தக் கேசுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டதால், அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

டெங்கு வந்தால் எத்தனை ஆயிரம் இருக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்களே, அதே பிளேட்லெட்தான். காயம் பட்ட இடத்துக்கு ஓடிவந்து, ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு ஓட்டையை அடைப்பது அதன் வேலை. எங்கள் ஆய்வுக்கூடத்து எலிகளில் ஒரு வகையில், அப்படிப் பிடித்துக்கொள்ளத் தேவையான புரதத்தை உண்டாக்கும் ஜீன் நீக்கப்பட்டிருக்கிறது. பார்த்தால் நல்ல எலிகள். தின்னும், ஓடும், சண்டை போடும். சண்டையில் வாலில் சின்னக் கடி விழுந்தால் போதும், ரத்தம் நிற்காது. அந்த எலிகளின் பிளேட்லெட்டைத் தனியே பிரித்து, உறையத் தூண்டும் பொருட்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து என்ன நடக்கிறது என்று பார்ப்பது என் வேலை. காயம் பட்டால் சதையிலிருந்து வெளிப்படும் கொலாஜனைச் சேர்ப்போம். பிளேட்லெட்டுகள் ஒன்றையொன்று கூப்பிடப் பயன்படுத்தும் ஏடிபியைச் சேர்ப்போம். எல்லாவற்றிலும் பலமான த்ராம்பினைச் சேர்ப்போம். சாதாரண எலியுடையது என்றால், கலங்கலாக இருந்த நீர் பால் திரிவதுபோல் கட்டி கட்டியாகத் திரண்டு தெளிந்துவிடும். இந்த எலியுடையது தூண்டுதலை உணரும். வடிவம் மாறும், உருண்டையாகும், முள் முள்ளாக நீளும். எல்லாம் செய்துவிட்டு ஒன்றோடு ஒன்று சேராமல் நிற்கும். எவ்வளவு சேர்த்தாலும் கலங்கல் கலங்கலாகவே இருக்கும்.

எலி வேறு, பிள்ளை வேறு இல்லையா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். இந்த நோய் முதலில் மனிதர்களிடம்தான் கண்டுபிடிக்கப்பட்டது, அதைப் புரிந்துகொள்ளத்தான் பிறகு எலியை அப்படி உண்டாக்கினார்கள் என்றேன். வாயில் இருந்த களியைப் பற்றியும் கேட்டார். எங்கள் கூடத்திலும் ரத்தம் உறைவதைத் தொடங்கிவைக்க அதே வெள்ளைக் களியைச் சுத்தம் செய்து பயன்படுத்துகிறோம். தொழிற்பேட்டைக்காரர்கள் கண்டுகொண்டதில் தப்பில்லை. என் தம்பி வைத்த களி உறைவைத் தொடங்கிவைத்தது. இறுக்கிப் பிடிக்க வேண்டிய பிளேட்லெட் கைவிட்டுவிட்டது. ஆகவே குழந்தையின் வாயில் மண் அடைத்தான் என்று எழுதியிருப்பதை, ரத்தத்தை நிறுத்தத் தெரிந்த ஒரே வழியைச் செய்தான் என்று திருத்தி எழுத வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை காலை இங்கு வந்து தம்பியைப் பார்க்க அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வெண்ணிலாவை அடித்தாயா என்று கேட்டேன். இல்லை என்றான். பிறகு எதற்கடா கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டான். நான் விடவில்லை. பிடித்து உலுக்கினேன் என்றே எழுதிக்கொள்ளலாம். அதன் பிறகு சொன்னான்: "நாலு மாசம் உள்ள இருந்துட்டு வந்தா ஊரு மறந்துடும்க்கா. ரத்தம் சரியில்லாத வூடுன்னு பேரு வந்தா அது போவாது."

அவன் எதைச் சொல்கிறான் என்பது எனக்கு உடனே விளங்கியது. என் அக்காளின் இளைய மகள் வளர்மதிக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை பிரவீன்குமார், கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கும் எங்கள் பெரியப்பா மகன் தனக்கோடியின் பையன். முறைக்கு அவன் வளர்மதிக்கு மாமன் மகன். அக்காள் கணவர் இறந்த பிறகு அந்த வீட்டில் நடக்கப்போகும் முதல் நல்ல காரியம் அது. டாக்டர் அம்மா சொந்தத்தில் கட்டியதா என்று கேட்டதுமே அக்காளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தைத்தான் வெள்ளிக்கிழமை மாலை சோற்றோடு சேர்த்து இங்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பெரியக்கா எது சொன்னாலும் என் தம்பி மறுத்ததில்லை. எங்கள் அம்மா இறந்தபோது அவனுக்கு மூன்று வயது. வளர்த்தது அக்காள்தான்.

அதன் பிறகு அக்காளைப் பார்க்க வெளியே வந்தேன். அவர் நிலையத்து வாசலில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே அவர் பேசத் தொடங்கினார்.

"அடிச்சான்னே இருந்துட்டுப் போவட்டும்டி. அடிக்காத அப்பன் எந்த ஊர்ல இருக்கான்? ரத்தத்துல குறைன்னு நீ எழுதிட்டீன்னா வளர்மதிய எவன்டி வந்து கட்டுவான்? உனக்கென்னா, நீ மெட்ராஸுல எலியோட இருந்துக்குவ."

கடைசி வாக்கியம் எனக்குச் சுட்டது. நானும் பதிலுக்குப் பேசக்கூடாததைப் பேசினேன், சத்தம் கேட்டு ஏட்டு வந்து விலக்கினார். நான் சொன்னது இதுதான். அடி என்று எழுதினால் நாளைக்கு வெண்ணிலாவைக் கடலூருக்குக் கொண்டுபோய் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பார்கள். அங்கே அவளுக்கு இந்தப் பல் விழும். அடிபட்ட பிள்ளை என்று எண்ணி வலிக்கு ஏதாவது மாத்திரை கொடுப்பார்கள், அது ரத்தப்போக்கை இன்னும் அதிகமாக்கலாம். தம்பிக்கு நாலு மாதம், உன் பேத்திக்கு எத்தனை நாள் என்று கேட்டேன். அக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

அதன் பிறகு உதவி ஆய்வாளர் அவர்கள், இதையெல்லாம் வாயால் சொன்னால் போதாது, ஏதாவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி காட்ட முடியுமா என்று கேட்டார். எங்கள் கூடத்து மெஷின் இங்கே இல்லை. ஆனால் மெஷினே தேவைப்படாத ஒரு பழைய வழி இருக்கிறது என்றேன். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் உறையவிட்டால், நல்ல பிளேட்லெட் உறைவைப் பிடித்து இழுத்துச் சுருக்கும். கட்டி சின்னதாகிச் சுவரை விட்டு விலகும், சுற்றிலும் மஞ்சள் நீர் பிரியும். எங்கள் எலிகளில் அது நடக்காது.

மருத்துவமனைக்குப் போய் டாக்டர் அம்மாவிடம் சொன்னோம். படிக்கும்போது இப்படி ஒரு நோயைப் பற்றிப் படித்திருப்பதாகவும், இதுவரை பார்த்ததில்லை என்றும் சொல்லி அவர் சம்மதித்தார். பிரபாவும் சம்மதித்தாள். அங்கே லேபில் வேலை செய்யும் இஃப்திகார் என்பவர் வெண்ணிலாவிடமிருந்து ஒரு குழாய் ரத்தமும் என்னிடமிருந்து ஒரு குழாய் ரத்தமும் எடுத்தார். குழந்தைக்கு ஊசி குத்திய இடத்தை நான் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் குத்திய இடம் தானாக நின்றுவிட்டது. இரண்டு குழாய்களையும் உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீரில் நிறுத்தினார். இரண்டு ரத்தமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உறைந்தன. "ரெண்டும் ஒண்ணாத்தானம்மா இருக்கு?" என்று உதவி ஆய்வாளர் கேட்டார். பொறுங்கள் என்றேன். பொறுங்கள் என்று அவரிடம் சொன்னேனே தவிர என்னால் பொறுக்க முடியவில்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒருவேளை நான் நினைத்தது தவறு என்றால், தம்பி சொன்னதே உண்மை என்றால் என்ன செய்வது என்று அப்போதுதான் முதல் முறையாகத் தோன்றியது. அந்த எண்ணம் வந்ததற்கு வெட்கப்படுகிறேன், ஆனாலும் வந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து இஃப்திகார் குழாய்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். என் ரத்தம் சுருங்கிச் சின்னக் கட்டியாகி, சுற்றிலும் நீர் பிரிந்து நின்றது. வெண்ணிலாவுடையது ஊற்றியபோது இருந்த அதே அகலத்தில், குழாய்ச் சுவரை ஒட்டியபடி அசையாமல் இருந்தது. சாய்த்துப் பார்த்தும் ஒரு சொட்டு நீர் பிரியவில்லை. டாக்டர் அம்மா அதை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். அதன் பிறகு பாண்டிச்சேரியில் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போன் செய்து ரத்தப் பிரிவில் பேசினார். முழுப் பரிசோதனையும் அங்கேதான் செய்ய முடியும், அடுத்த பல் விழுவதற்குள் கொண்டுவந்துவிடுங்கள், பிளேட்லெட் ஏற்பாடு செய்து வைக்கிறோம் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்களாம். உதவி ஆய்வாளர் தன் போனில் இரண்டு குழாய்களையும் படம் எடுத்துக்கொண்டார். குழாய் சொல்வது நோய் இருக்கிறது என்பதை, யாரும் கை நீட்டவில்லை என்பதை அது சொல்லாது என்று நானே அவரிடம் சொன்னேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல எனக்குப் பழக்கம் இல்லை.

ஆகவே என் தம்பி எழுதிக் கொடுத்தது அப்படியே நின்றது. அதை அவன் மாற்றிச் சொல்லாதவரை குழந்தையைக் குடும்பத்தாரோடு வெளியூருக்கு அனுப்பத் தனக்கு வழியில்லை என்று உதவி ஆய்வாளர் சொன்னார். இங்கே திரும்பி வந்து, என் தம்பி, அக்காள், பிரபா மூவரையும் வைத்துக்கொண்டு கேட்டார். குழாயில் கண்டதைத் தம்பியிடம் விவரமாகச் சொன்னார். தம்பி அக்காளைப் பார்த்தான். அக்காள் தரையைப் பார்த்தார். "எழுதினது எழுதினதுதான் சார்" என்றான் என் தம்பி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை நான்தான் அடித்திருப்பேன்.

அப்போது பிரபா எழுந்தாள். மூன்று நாளாக என்னைத் தவிர வேறு யார் என்ன கேட்டாலும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள்.

"சார், எனக்கு மூணு மாசம். இன்னும் யாருக்கும் சொல்லல, எங்க மாமாவுக்குக்கூட. மூத்தவளுக்கு அடின்னு எழுதிட்டீங்கன்னா, நாளைக்கு இதுக்கு ரத்தம் நிக்கலன்னாலும் அடின்னுதான் சொல்லுவீங்க. அப்பவும் எங்க மாமாவப் புடிச்சுக்கினு போவீங்களா?"

என் தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். "நான் எழுதிக் குடுத்தது பொய் சார்" என்று சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துவிட்டான். கையெழுத்துப் போட்டதைத் திருப்பிக் கொடுக்க முடியாது, புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளலாம் என்று உதவி ஆய்வாளர் சொன்னார். அது பக்கத்து அறையில் எழுதப்பட்டு வருகிறது.

அக்காள் என் அருகில் வந்து, மிகவும் மெதுவாக, "இதுக்கும் வருமாடி?" என்று கேட்டார்.

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். ரத்தம் நிற்காத எலி வேண்டும் என்றால் நாங்கள், கெட்டுப்போன ஜீன் ஒன்றும் நல்ல ஜீன் ஒன்றும் வைத்திருக்கிற எலிகள் இரண்டை, ஒரே வம்சத்தில் பிறந்தவற்றை, ஒரே கூண்டில் விடுவோம். தாயும் தகப்பனும் நல்ல ஆரோக்கியமாக இருக்கும், அவற்றின் பிளேட்லெட் எதைச் சேர்த்தாலும் ஒழுங்காகத் திரளும். குட்டிகளில் நான்கில் ஒன்று ரத்தம் நிற்காமல் பிறக்கும் என்று எதிர்பார்ப்போம். கூடத்தில் நாங்கள் வேண்டுமென்று செய்வதை எங்கள் வீட்டில் ஆசை ஆசையாக, மேளம் வைத்து, ஊரைக் கூட்டிச் செய்திருக்கிறோம். வளர்மதிக்கும் பிரவீன்குமாருக்கும் அதையேதான் செய்ய இருக்கிறோம். இரண்டு பேருக்கும் முதலில் ரத்தம் பார்க்க வேண்டும். இதை நான் கூட்டத்தில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன், மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அக்காள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. "இப்பவே டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்க்கா, நான் கூட இருக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். அக்காள் தலையாட்டினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

வாசலில் நிற்கும் ஆம்புலன்சில்தான் வெண்ணிலாவை மருத்துவமனையிலிருந்து இங்கேயே கொண்டுவந்திருக்கிறார்கள். பிரபா அவளோடு வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள். தம்பி எழுதி முடித்ததும் அவனும் ஏற வேண்டும். மகள் அப்பா எங்கே என்று கேட்டுக் கத்துவது இங்கே கேட்கிறது. கத்தட்டும், அழும்போது பல்லை ஆட்ட மாட்டாள்.

நான் சொன்னவற்றில் பார்த்ததைப் பார்த்தது என்றும், கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்தே சொல்லியிருக்கிறேன். எதையும் கூட்டவில்லை, வீட்டு மானத்துக்காக எதையும் குறைக்கவில்லை. ரைட்டர் படித்துக் காட்டினார், நான் சொன்னபடி சரியாக இருக்கிறது. சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து தேவையில்லை என்று சொன்னார்கள். எனக்குத் தேவை. நாளைக்கு என் தம்பியோ அக்காளோ நானோ வந்து கேட்டாலும் இதில் ஒரு வரியையும் அடிக்க வேண்டாம்.

(ஒப்பம்)
ரா. செல்வநாயகி

என் முன்பாக எழுதப்பட்டது.
(ஒப்பம்)
பாலகிருஷ்ணன், உதவி ஆய்வாளர்

மேற்படி வாக்குமூலம் வாசிக்கப்பட்டபோது உடனிருந்த கொளஞ்சியம்மாள் என்பவர் பேனாவைக் கேட்டு வாங்கித் தம் கையால் எழுதியது:

என் தங்கச்சி சொன்னது எல்லாம் நெசம். என் தம்பி பிள்ளய அடிச்சதில்ல. அவன அப்படிச் சொல்லச் சொன்னது நான். கருவேப்பிலங்குறிச்சிக்கு நானே போயி மாப்ள வூட்டுல சொல்லிக்கிறேன்.
கொளஞ்சியம்மாள்